பல்லுக்காரர் திருப்பிக் கொடுத்த கார்

லீஸுக்கு எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் வழக்கமாகத் தனியாகப் போவார்கள். மிஞ்சிப் போனால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லுக்காரர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். ஆசைப்பட்டு ஒன்றும் கூட்டிப் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் அக்கா. காரை ஒப்படைக்கும்போது அவளும் நேரில் வந்து இன்னொரு கையெழுத்துப் போட்டால்தான் ஜாமீன் கழியும் என்று கம்பெனி கடிதம் எழுதியிருந்தது.

அன்றைக்கு அந்த ஜாமீன் கழிந்தே ஆக வேண்டும். அக்காவும் அவள் கணவரும் சேர்ந்து வீடு வாங்கக் கடன் கேட்டிருந்தார்கள். பதினெட்டு வருடம் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டுக் கேட்டுக் குடியிருந்தவர்கள். கடன் கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்ட நேரத்தில் வங்கிப் பெண் அக்காவுக்கு போன் போட்டு, "உங்க பேர்ல ஒரு கார் லீஸுக்கு ஜாமீன் நிக்குது. இன்னிக்கு சாயந்தரம் ஃபைல் மேல போகுது. அதுக்குள்ள பாக்கி இல்லைங்கற சீட்டு வந்தா பிரச்சினை இல்ல, வரலைன்னா பழையபடி மொதல்லேர்ந்துதான்" என்று சொல்லிவிட்டாள். காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் யார்டின் அலுவலகத்தைப் பகல் ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அக்காவும் தம்பியும் யார்டின் கேட்டுக்குள் நுழையும்போது மணி பத்தே முக்கால்.

பல்லுக்காரர் பக்கக் கண்ணாடியில் பின்கதவையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஏன் என்று அக்காவுக்குத் தெரியாது.

பல்லுக்காரர் என்பது தெருவில் வைத்த பெயர். பல் டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர்கள் பிடுங்குகிறவர்கள், இவர் செய்கிறவர். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சைப் பார்த்து மெழுகில் வடித்து, சுட்டு, தேய்த்து, நிறம் ஏற்றி முழு வரிசைப் பல்லாகத் திருப்பி அனுப்புவது இவர் வேலை. வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டடி அறை, ஒரு சுடும் அடுப்பு, ஒரு பாலிஷ் மோட்டார், ஜன்னலோரமாக ஒரு முக்காலி. இருபத்திரண்டு வருடமாக அந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் கூச்சமில்லாமல் பெருமை பேசிக்கொள்ளும் விஷயம் ஒன்றே ஒன்று: நான் செய்த பல்லை எவனும் நான் செய்த பல் என்று கண்டுபிடித்ததில்லை. வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலைக் கறையோடு செய்து கொடுப்பார். முன்பல்லில் ஒரு மயிரிழை கோணல் இருந்தவருக்கு அந்தக் கோணலையும் வைத்தே செய்வார். ஒரு கிழவர் புதுப் பல் செட்டோடு வீட்டுக்குப் போய், வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வந்து சண்டை போட்டிருக்கிறார். அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை.

கார் அவருக்கு எதற்கு என்றால், பஸ்ஸால் வந்த வினை. செய்த பற்களை ஊரில் ஒன்பது டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு நாள் நெரிசலில் பை நழுவி, டப்பா திறந்து, யாரோ ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மேல்வரிசை முழுவதும் பஸ் தரையில் சிரித்தபடி உருண்டது. ஒரு பெண் காலைத் தூக்கிக்கொண்டு அலறினாள், கண்டக்டர் விசில் ஊதினார். அதோடு பஸ் போதும் என்று முடிவுக்கு வந்தார். ஆனால் சுடும் அடுப்பு வாங்கிய கடனில் ஏழு தவணை தவறியிருந்ததால் அவர் ஒற்றைக் கையெழுத்துக்கு யாரும் கார் கொடுப்பதாயில்லை. அக்காவிடம் போய் நின்றார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

அப்படி வந்த கார். மூன்று வருடம் மாதா மாதம் கட்டி ஓட்டிவிட்டு, முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். எட்டு மாதம் முன்பு மட்டும் ஒரு டாக்டர் வீட்டு வாகன நிறுத்தத்தில் பின்னுக்கு எடுத்தபோது, பின்பக்க இடது கதவு ஒரு தூணில் போய் உட்கார்ந்தது. கட்டை விரலை வைத்து அமுக்கினது போல ஒரு சின்னக் குழி. "அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே, யாரு பாக்கப் போறா" என்றாள் அவர் மனைவி. விவரமான பெண்பிள்ளை. அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கம்பெனி கொடுத்த கையேட்டைப் புரட்டினார். நாற்பது பக்கத்தில் மனிதர் பார்த்தது ஒரே ஒரு பக்கம், எந்தச் சேதத்துக்கு எவ்வளவு வசூல் என்ற பட்டியல். கதவு என்று போட்டிருந்த இடத்துக்கு நேரே இருந்த தொகையைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது. அதற்கு முந்தின பக்கத்தில் எது எதற்கெல்லாம் காசே வாங்க மாட்டோம் என்று விவரமாக எழுதியிருந்தது. நம்மில் பலர் பயந்துவிட்டால் பின்னோக்கிப் புரட்டுவதில்லை, அவரும் புரட்டவில்லை. நேரே அறைக்குப் போனார். பல்லுக்கு ஊற்றும் அக்ரிலிக்கைக் குழைத்தார். குழியை லேசாகச் சுரண்டி, நிரப்பி, இறுகவிட்டு, தேய்த்தார். நிறத்துக்கு நான்கு நாள். காலை வெயிலில் ஒரு தடவை, மாலை வெயிலில் ஒரு தடவை என்று பார்த்துப் பார்த்துக் கலந்து, மேலே மினுமினுப்பு ஏற்றி முடித்தபோது அவருக்கே இடம் தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவள் வேறொரு கதவைக் காட்டினாள். அன்றைக்கு மனிதர் சாப்பாட்டில் ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டார்.

யார்டு பெரிய திடல். தகரக் கூரைக்குக் கீழே கோடு போட்டுப் பிரித்த கட்டங்கள், ஒவ்வொன்றிலும் திரும்பி வந்த ஒரு கார். மூலையில் கண்ணாடி போட்ட அலுவலகம், வெளியே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. அக்கா அதில் ஒன்றில், மடியில் பையை வைத்துக்கொண்டு, வகுப்பில் முதல் நாள் உட்காருகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள். காரைச் சோதிக்க வந்தவளுக்கு முப்பது வயது இருக்கலாம். தொப்பியில் ஒரு சின்ன டார்ச்சைக் கட்டியிருந்தாள். அங்கே எல்லோரும் அவளை டார்ச் என்றே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

டார்ச் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ரகம். டயரின் பள்ளத்தில் ஒரு குச்சியை விட்டு ஆழம் அளந்தாள். கண்ணாடியில் விரலை ஓட்டினாள். கையில் வட்டங்கள் வரைந்த ஒரு பிளாஸ்டிக் அட்டை வைத்திருந்தாள். கீறல், குழி எதைப் பார்த்தாலும் அதன் மேல் அட்டையை வைத்து, வட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்து, அடங்கினால் ஒன்றும் எழுதாமல் நகர்ந்தாள். முன் பம்பரில் ஒரு கீறல் அடங்கியது. சக்கரத்தில் ஒரு சிராய்ப்பு அடங்கியது. பல்லுக்காரர் கூடவே நடந்தார். ஒவ்வொன்று அடங்கும்போதும் அவருக்கு மூச்சு ஒருமுறை வந்து போனது.

உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங், சீட்டு, டேஷ்போர்டு எல்லாம் பார்த்தாள். டேஷ்போர்டின் மேல் கையை வைத்து ஒருமுறை நீவினாள். அவருக்குக் காதுக்குள் இரைந்தது. கையை எடுத்துவிட்டு, "உள்ள சுத்தமா வச்சிருக்கீங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

பின்பக்க இடது கதவுக்கும் வந்தாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தாண்டினாள். அவருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அவள் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தாள்.

"அது என்னங்க?"

"பெயிண்ட் எவ்வளவு கனமா இருக்குன்னு காட்டும். எல்லா காருக்கும் பாக்கறதுதான்."

முன் கதவில் வைத்தாள், நூற்றுப் பதினைந்து. கூரையில் நூற்றுப் பத்து. பின்பக்க வலது கதவில் நூற்று இருபது. கருவி ஒவ்வொரு தடவையும் சின்னதாகக் கீச்சிட்டது. சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். இடது கதவின் மேல்பக்கம் நூற்றுப் பதினெட்டு. கொஞ்சம் கீழே வைத்தாள். நானூற்று அறுபது.

மறுபடி வைத்தாள். நானூற்று அறுபத்திரண்டு. தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, கன்னம் கதவில் படுகிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். கண் ஒன்று சொன்னது, கருவி ஒன்று சொன்னது. அவள் கருவியைத்தான் நம்பினாள்.

"சார், இந்தக் கதவு எப்பவாவது ஆக்சிடென்ட்ல அடிபட்டுச்சா?"

"இல்லையே."

"வெளியில எங்கயாவது டிங்கரிங் பண்ணீங்களா?"

"வெளியில எங்கயும் குடுக்கலைங்க."

இரண்டும் ஒரு கணக்கில் உண்மைதான். அப்படிப்பட்ட உண்மைகளில் பல்லுக்காரர் கெட்டிக்காரர். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை, அதை அவர் அக்கா பத்தடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கதவுல உள்ளுக்குள்ள ஏதோ பூசியிருக்குங்க. பெருசா அடிபட்டு சரிபண்ண மாதிரி ரீடிங் காட்டுது. இப்படி வந்தா நான் இங்க முடிக்க முடியாது. கார் ஒர்க்‌ஷாப் போகும், கதவப் பிரிச்சுப் பாத்து மதிப்பு போடுவாங்க. பதினஞ்சு நாள் ஆகும்."

"சீட்டு?"

"அதுக்கப்புறம்தாங்க."

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பெண்ணிடமே பேசினாள். "உங்க மிஷின் தப்பா காட்டுதும்மா. எங்க தம்பி ரொம்ப கவனமா வச்சிருந்தான். அடிபட்டிருந்தா மொதல்ல என்கிட்டதான் சொல்லியிருப்பான். அவன் என்கிட்ட எதையும் மறைக்கறவன் இல்ல."

வெயில் தகரத்தில் இறங்கி, திடல் முழுக்க ரப்பர் வாசனை. அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. டார்ச் கையில் படிவத்தைப் புரட்டி, 'கூடுதல் சோதனை' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டாள்.

"நான்தாங்க பூசினேன்" என்றார் பல்லுக்காரர்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. தூண், குழி, அக்ரிலிக், நான்கு நாள் நிறம் எல்லாம் கொட்டினார். டார்ச் வாயைத் திறந்தபடி கேட்டாள். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லுக்கு வைக்கற சிமெண்ட்டா?"

"சிமெண்ட் இல்லைங்க, அக்ரிலிக்."

"குழி எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

"கட்டை விரல் அளவு. ஒரு நாலு சென்டிமீட்டர் வரும்."

டார்ச் நெற்றியைச் சொறிந்தாள். "அஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் நாங்க கணக்குலயே எடுக்க மாட்டோம் சார். புக்லயே போட்டிருக்கே, முப்பத்தொண்ணாம் பக்கம்."

பல்லுக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. இருபத்திரண்டு வருடத்துக் கைத்திறனையும் திரட்டி, காசு கேட்காத ஒரு குழியைக் காசு கேட்கும் கதவாக ஆக்கி வைத்திருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா முன்னால் அதுவும் முடியவில்லை.

"இப்ப என்னம்மா பண்ணலாம்?" என்று கேட்டது அக்கா. அவள் குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சொந்தமா பண்ண ரிப்பேர் இருந்தா முழுக் கதவுக்கும் போடணும்னு ரூல். ஆனா..." டார்ச் அலுவலகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "நீங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அதை எடுத்துட்டீங்கன்னா அங்க ரிப்பேரே இல்ல. குழிதான் இருக்கும். குழி அஞ்சுக்குள்ள இருந்து, கீழ இரும்பு தெரியாம இருந்தா நான் விட்டுடுவேன். இரும்பு தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது, ஒர்க்‌ஷாப்தான். ஸ்டிக்கர் உரிக்கற சூட்டு மிஷின் இருக்கு, தரேன். ஆனா நீங்கதான் எடுக்கணும், நான் கை வைக்க மாட்டேன்."

பல்லுக்காரரின் பையில் எப்போதும் ஒரு மெழுகுக் கத்தி இருக்கும். அதை எடுத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. குழியை நிரப்புவதற்கு முன்னால் சுரண்டினாரே, எவ்வளவு ஆழம் சுரண்டினார்? எதை ஒட்டினாலும் பிடிப்புக்காக அடியைக் கொஞ்சம் சொரசொரப்பாக்குவது தொழில் பழக்கம். கை தானாகச் செய்துவிடும், மூளைக்குக் கணக்கே வராது. இரும்பைத் தொட்டாரா இல்லையா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தொட்டிருந்தால் அக்காவின் வீட்டைத் தூண் கெடுக்கவில்லை, இவர் கைதான் கெடுத்தது.

சூட்டுக் கருவி இரைந்தது. மண்டியிட்டு உட்கார்ந்தார். காற்றை ஒரே இடத்தில் காட்டாமல் வட்டமாகச் சுழற்றினார். அதிகம் காய்ந்தால் கம்பெனி பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிடும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. யாருடையதோ ஒரு கைக்குட்டை முகத்தை ஒற்றியெடுத்தது. நிமிர்ந்து பார்க்காமலே அக்கா என்று தெரிந்தது.

ஓரத்தில் கத்தி முனையைக் கொடுத்தார். அசையவில்லை. அவர் வைத்தது அத்தனை லேசில் வருமா? இன்னும் சூடு காட்டினார். மறுபடி கொடுத்தார். மயிரிழை விட்டுக்கொடுத்தது. தான் செய்ததிலேயே உருப்படியான வேலைகளில் ஒன்றைத் தானே நெம்பி எடுக்கிற ஆள் என்ன நினைப்பான் என்று கேட்டால், ஒன்றும் நினைக்க மாட்டான், இரும்பு தெரியக்கூடாது என்று மட்டும் நினைப்பான். சடக்கென்று முழுசாக, ஒரு கடைவாய்ப் பல்லைப் போலவே, கையில் வந்து விழுந்தது.

குழியின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி.

"இரும்பா?" என்றாள் அக்கா. அன்றைக்கு முதல் முறையாக அவள் குரல் உடைந்தது.

யாருக்கும் தெரியவில்லை. அடிப் பூச்சும் சாம்பல், இரும்பும் சாம்பல். டார்ச் விளக்கைக் காட்டினாள், கோணம் மாற்றினாள், உதட்டைப் பிதுக்கினாள். அட்டையை வைத்தாள். குழி வட்டத்துக்குள் அடங்கியது. பிறகு அந்தக் கருவியைப் புள்ளியின் மேல் வைத்தாள். அது கீச்சிட நேரம் எடுத்துக்கொண்டது.

முப்பத்தெட்டு.

"இரும்புன்னா சைபர் காட்டும்" என்றாள் டார்ச். "அடிப் பெயிண்ட் இருக்கு. நெருப்போட விளையாடியிருக்கீங்க சார்." படிவத்தில் கதவுக்கு நேரே டிக் அடித்தாள். சுற்றியிருந்த மினுமினுப்பை அவரே பாலிஷ் துணியால் தேய்த்து எடுத்தார். மணி பன்னிரண்டு பத்து.

அலுவலகத்துக்குள் மின்விசிறி ஓடியது. டார்ச் தாளை அச்செடுத்து மேசையில் வைத்தாள். பாக்கி இல்லை என்ற சீட்டு அதன் அடியிலேயே, முத்திரை குத்தினால் போதும் என்று காத்திருந்தது. "ரெண்டு பேரும் இங்க போடுங்க." அக்கா பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி இருந்தது. பல்லுக்காரர் இந்த முறை படித்தார். வேறு எந்தச் சொந்த ரிப்பேரும் வாகனத்தில் இல்லை என்று உறுதி கூறுகிறோம். பின்னால் தெரியவந்தால் முழுத் தொகையும் ஜாமீன்தாரரையே சேரும்.

டேஷ்போர்டில் இரண்டு துளை இருந்தது. போனை மாட்டும் ஸ்டாண்ட் ஒட்ட மாட்டேன் என்றதால் முதல் வருடமே திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். போன மாதம் ஸ்டாண்டைக் கழற்றி, துளைகளை நிரப்பி, டேஷ்போர்டின் மறுபக்கத்தில் பல் அச்சுப் பசையை வைத்து அதன் தோல் வரிகளை அச்சு எடுத்து, அதே வரிகளை ஈரத்தில் பதித்திருந்தார். கதவு வேலை நன்றாக இருந்தது என்றால் இது அதற்கும் மேலே. அந்தப் பெண் கையால் நீவிப் பார்த்தும் தெரியவில்லை. அவளுடைய கருவிக்கும் தெரியாது, அது இரும்பின் மேல்தான் பேசும். உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் அக்கா பஸ்ஸில் இருப்பாள், சாயந்தரம் ஃபைல் மேலே போய்விடும். வாயைத் திறந்தால் ஒர்க்‌ஷாப், பதினைந்து நாள் என்று ஆகிவிடக்கூடும். திறக்காவிட்டால் என்றைக்கோ ஒரு நாள் அக்காவின் புது வீட்டுக் கதவை ஒரு கடிதம் தட்டும்.

அக்கா முதல் எழுத்தைப் போட்டுவிட்டாள்.

"அக்கா, போடாத."

அவள் நிமிர்ந்தாள். அவர் அவள் காதோரம் குனிந்து சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். வைத்த விதத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் அவளுடைய பேனாவை உடைத்துவிட்டு முழித்த நாளில்கூட இவ்வளவு சிறுமையாக உணர்ந்ததில்லை.

"இன்னொண்ணு இருக்காம்மா" என்றாள் அக்கா. "டேஷ்போர்டுல ரெண்டு ஓட்டை. அதையும் அடைச்சு வச்சிருக்கான். எழுதிக்கோங்க."

டார்ச் எழுந்து காருக்குப் போனாள். இருவரும் பின்னாலேயே போனார்கள். அவள் விளக்கைப் போட்டு அங்குலம் அங்குலமாகத் தேடினாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். கடைசியில் திரும்பி, "எங்க சார்?" என்றாள். அவர் விரலை வைத்துக் காட்டினார். அப்புறமும் தெரியவில்லை. வேறொரு நாளாயிருந்தால் அந்த 'எங்க சார்' அவருக்கு ஒரு வருடத்துக்குப் போதும். அன்றைக்குக் காதிலேயே விழவில்லை. அவர் அக்காவின் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துளை போட்டா பட்டியல்லயே தொகை இருக்கு" என்றாள் டார்ச். "ஒர்க்‌ஷாப் வேண்டாம். கார் எடுக்கும்போது நீங்க கட்டின அட்வான்ஸ்ல பிடிச்சுக்கலாம். முக்கால்வாசி போயிடும், பரவாயில்லையா?"

அந்த அட்வான்ஸில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம் என்று வைத்திருந்தார். "பிடிச்சுக்கோங்க" என்றார்.

சீட்டில் முத்திரை விழும்போது ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது.

கார் இல்லாமல் வெளியே வந்தார்கள். யார்டின் மதிலை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் நிழல் ஒரு முழம். அக்கா சீட்டை இரண்டாக மடித்து, பைக்குள் இருந்த சின்னப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, மறுபடி தொட்டுப் பார்த்தாள். பல்லுக்காரர் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தார்; எதை எடுத்தாலும் அரைகுறையாக வந்தது. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. நம்பி நின்றவளை ஒரு வெளி ஆளுக்கு முன்னால் அப்படி நிற்க வைத்துவிட்டோமே என்று நினைத்தார். மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. மாமா கோபக்காரர் இல்லை, ஆனால் மறக்காதவர்.

அக்காவின் போன் அடித்தது. மாமாதான். நிறுத்தத்தில் சத்தம் இல்லாததால் அவர் குரல் தம்பிக்கும் கேட்டது. எங்கே இருக்கிறாய், நாலு மணிக்கு பேங்க் வாசலுக்கு வந்துவிடட்டுமா, பேப்பர் எல்லாம் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார்.

"தம்பி வீட்டுக்கு வந்தேங்க" என்றாள் அக்கா. "கடவாப் பல்லு ஆடுதுன்னு சொன்னேன்ல, காட்டலாம்னு. ஒண்ணும் இல்லையாம், தேஞ்சிருக்காம். பேப்பர்லாம் காலையிலயே எடுத்து வச்சுட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

ஒரு தடங்கல் இல்லை. மூச்சு மாறவில்லை. பல்லுக்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் போனை வைத்துவிட்டுப் பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

"அக்கா, நீ ஜாமீன் போட்டது மாமாவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா உனக்கு அன்னிக்கு கார் வந்திருக்குமாடா?"

மூன்று வருடம். ஒவ்வொரு மாதமும் இவர் தவணை கட்டிவிட்டாரா இல்லையா என்று கேட்காமல், கேட்க முடியாமல், தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றிருப்பாள். இன்றைக்குச் சீட்டு கிடைத்திருக்காவிட்டால், நாலு மணிக்கு வங்கி வாசலில், பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதரின் முகத்துக்கு நேரே அது உடைந்திருக்கும். தம்பிக்கு எதிரில்தான் இத்தனை நாளும் அவள் உட்கார்ந்து, சிரித்து, சாப்பாடு போட்டாள். இவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா நீ வாங்கியிருப்பியா?"

பஸ் வந்தது. கூட்டம் அதிகமாக இருந்தது. அக்கா முன்னால் ஏறி, இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாள்.